புளோவர் பாக்க வந்த தம்பிக்கு

வாரும் தம்பி, உள்ளுக்கு வாரும். நீர்தானே காலமை ரெலிபோன் எடுத்தது, விளம்பரம் பாத்தனான், ஸ்நோ அள்ளி எறியிற புளோவர் பாக்க வாறன் எண்டு? சப்பாத்தைக் கழட்டவேண்டாம், திரும்ப வெளியிலை போகத்தானே வேணும். மெசின் கொட்டிலுக்கை நிக்குது, எங்கையும் ஓடிப்போகாது. முதல்லை ஒரு தேத்தண்ணி குடியும். கோப்பையைப் பாத்து முகத்தைச் சுழிக்காதையும், மனிசி இல்லாத வீடு.

ஊரிலை எவடம்? கரவெட்டியோ? அப்ப உம்மடை அப்பாவைக் கேட்டுப்பாரும், பருத்தித்துறை - யாழ்ப்பாணம் பஸ் ஓடின சிவபாதத்தைத் தெரியுமோ எண்டு. நல்லதா ஒண்டும் சொல்லமாட்டார், ஆனால் தெரியுமெண்டுதான் சொல்லுவார். அந்த றோட்டிலை என்னை முந்தின வாகனமும் இல்லை, நான் முந்தாத வாகனமும் இல்லை. அந்த நடப்பு, அந்தத் தலைக்கனம் இருக்கெல்லே, அதுதான் என்னைக் கொண்டுவந்து இந்தக் காட்டுக்குள்ளை விட்டது.

நீரும் டிறைவ்வே நீட்டான வீடோ வாங்கியிருக்கிறீர்? ஐயோ. சரி, வாங்கியாச்சு, இனி என்ன செய்யிறது. கலியாணம் முடிச்சிட்டீரோ? முடிச்சாச்சோ? அப்ப இரும். மெசினைப் பாக்க முதல் நீர் இதைக் கேக்கத்தான் வேணும்.

நாங்கள் இருவது வருசத்துக்கு மேலை ஸ்காபரோவிலை அப்பாட்மென்ற்றிலை இருந்தனாங்கள். எனக்கு அது சரிவரேல்லை. கீழை இறங்கிறதெண்டாலும் லிஃப்ற்றுக்குக் காவல் நிக்கவேணும். பஸ் ஓடினவனுக்கு அது எவ்வளவு மானக்கேடு எண்டு யோசிச்சுப்பாரும். பென்சன் வந்த உடனை சொன்னன், காணியோடை ஒரு வீடு வாங்குவம் எண்டு. என்ரை மனிசி தவமலர் கேட்டா, "இஞ்சை இப்ப என்ன குறை?" எண்டு. அவவுக்கு அங்கை ஒரு குறையும் இல்லைத்தான். ஏனெண்டா அங்கை சனிக்கிழமை இருந்தது.

சனிக்கிழமை எண்டா முந்நூத்தி நாலு. கடுதாசி விளையாட்டு, சீட்டாட்டம், தெரியுந்தானே? நாலு பொம்பிளையள். அதே மாடியிலை பாக்கியம் வீட்டிலை ரெண்டு மணிக்கு மேசையிலை இருந்தினமெண்டால் பொழுதுபடத்தான் எழும்புவினம். சும்மா பொழுதுபோக்கெண்டு நினைக்காதையும். இத்தினை புள்ளி எடுப்பன் எண்டு தவமலர் கேள்வி கேட்டாவெண்டால் மற்றவைக்கு வேர்க்கும். துரும்பைக் கவிட்டு வைச்சிட்டு ஒரு முகம் வைச்சிருப்பா பாரும், செத்தவீட்டிலையும் அப்பிடி ஒரு முகம் காணேலாது. ஒருக்கா ஆள் குறைஞ்சு என்னைப் பிடிச்சு இருத்திச்சினம். நல்ல கடுதாசி கைக்கு வந்த உடனை நான் சிரிச்சுப்போட்டன். எழுப்பி விட்டிட்டினம். அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் தேத்தண்ணி குடுக்கத்தான் போறது.

அப்ப தவமலர் ஒரு கதை சொன்னா. "வாங்குங்கோ. ஆனால் ஒரு சனிக்கிழமை, ஒரேயொரு சனிக்கிழமை, ஸ்நோவாலை நான் பாக்கியம் வீட்டை போகேலாமல் வந்துதோ, பேந்து நான் பிரதீபா வீட்டு பேஸ்மன்ற்தான். உங்கடை காணியை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ." பிரதீபா எங்கடை மகள், அவளும் ஸ்காபரோவிலைதான். நான் விழுந்து விழுந்து சிரிச்சன். "இஞ்சேரும், சண்டைக்காலத்துச் செல்லடிக்குள்ளையே பஸ் ஓடினவன் நான். ஸ்நோ என்ன ஸ்நோ!" எண்டன். அவ சிரிக்கேல்லை.

வரேக்கை பாத்திருப்பீரே, றோட்டிலையிருந்து வீட்டு வாசல்மட்டும் எவ்வளவு தூரமெண்டு? நடுவிலை ரெண்டு பஸ் ஸ்ரொப் போடலாம். கோடையிலை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு அதிலை மேலையும் கீழையும் நடப்பன். போற வாற வாகனங்களுக்குக் கை காட்டுவன். ஒருத்தரும் நிப்பாட்டேல்லை எண்டு வையும்.

இலை கொட்டத் தொடங்கேக்கை பக்கத்துக் காணி டோறீன் வந்தா. எழுவது வயது, புருசன் இல்லை, பெரிய ட்ரக் ஒண்டு வைச்சிருக்கிறா. முந்தி இருந்தவைக்குத் தான்தான் ஸ்நோ தள்ளிக் குடுத்தவவாம், எங்களுக்கும் செய்யட்டோ எண்டு கேட்டா. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "நோ தாங்க்யூ, ஐ ஆம் அ டிறைவர்" எண்டன். அவ என்னைப் பாத்தா, என்ரை சாரத்தைப் பாத்தா, சரியெண்டு போட்டா. தவமலர் பின்னாலை நிண்டு, "அந்த மனிசி தானா வந்து கேக்குது, உங்களுக்கென்ன கொழுப்பு?" எண்டா. கொழுப்புத்தான் தம்பி. வேறை என்ன?

பேந்துதான் ஒரு பழைய உழவு மெசினும், அதுக்குப் பின்னாலை கொழுவிற இந்தப் புளோவரும் வாங்கினது. கொழுவிறது எண்டால் சும்மா கதையில்லை. மெசினுக்குப் பின்பக்கம் கீழை ரெண்டு கை, மேலை ஒரு கை. மூண்டையும் புளோவரிலை பொருத்தி ஆணி போடவேணும். பிறகு மெசினிலையிருந்து புளோவரைச் சுத்திறதுக்கு நடுவிலை ஒரு தண்டு. இடது கையைக் கொழுவினால் வலது கை எட்டாது. வலதைக் கொழுவினால் இடது கழண்டு வரும். கோதாரி, ஒரு முழுப் பகல் அதோடை மல்லுக்கட்டினன். தவமலர் படிக்கட்டிலை இருந்து புளோவரோடை வந்த புத்தகத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லுறா, "முதல்லை சமதரையிலை நிப்பாட்டட்டாமப்பா. நீங்கள் சரிவிலை எல்லோ விட்டிருக்கிறியள்." நான் கேட்டன், "புத்தகம் படிச்சே நான் பஸ் ஓடினனான்?" அடுத்தநாள் அவ கடைக்குப் போன நேரம் பாத்துச் சமதரைக்குக் கொண்டுபோய் விட்டன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ளை மூண்டும் கொழுவிச்சுது. அவவிட்டைச் சொல்லேல்லை.

தண்டு நீளங்கூடக் கிடந்தது, வெட்டவேணும். எல்லாரும் அளந்துபோட்டு வெட்டுவினம். நான் வெட்டிப்போட்டு அளந்தன். பிறகு புதுத் தண்டு வாங்கினன்.

எல்லாம் முடிய, முதல் ஓட்டம். தேங்காய் உடைக்காமல் நான் ஒரு வாகனமும் எடுத்ததில்லை. நாலு சில்லுக்கும் கீழை தேசிக்காய் வைச்சு, புளோவரின்ரை வாய்க்குச் சந்தனம் குங்குமம் வைச்சு, கற்பூரம் கொளுத்தி, டிறைவ்வே நடுவிலை ஓங்கி அடிச்சன் பாரும் தேங்காயை, சில்லுச் சில்லாப் பறந்தது. தவமலர் சொன்னா, "பொறுக்குங்கோ." நான் சொன்னன், "அணில் தின்னும், நீர் பேசாமல் வாரும்." அண்டு பின்னேரமே ஸ்நோ கொட்டத் தொடங்கிட்டுது. அணில் தின்னேல்லை.

விடிய எழும்பிப் பாத்தால் வெள்ளை. தொப்பியும் போட்டு, மெசினை ஸ்ராட் பண்ணி, முன்னுக்கு விட்டன். நீர் சிரிக்காதையும். ஊரிலை மெசினுக்குப் பின்னாலை கலப்பையைக் கொழுவினால் முன்னுக்குத்தானே ஓடுறது? நானும் உழுற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தன். கேற்றடியிலை திரும்பிப் பாத்தன். ஒரு சொட்டு ஸ்நோ விலகேல்லை. நாலு சில்லும் ஏறி வடிவா அமத்தி, றோட்டுப் போட்ட மாதிரி இறுக்கி வைச்சிருக்கு. தவமலர் யன்னலைத் திறந்து கத்துறா, "அதின்ரை வாய் பின்னுக்கெல்லோ கிடக்கு! பின்னாலை போங்கோ!"

பின்னாலை போறதெண்டால், தம்பி, எனக்கு அங்கைதான் சிக்கல். என்ரை வாழ்க்கையிலை நான் தனிய றிவேர்ஸ் எடுத்ததில்லை. பஸ்ஸிலை கொண்டக்டர் இறங்கிப் பின்னாலை போய், பலகையிலை தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், வரட்டும்" எண்டு சொன்னால்தான் எனக்குக் கை வேலை செய்யும். தனிய எடுத்தால் நேரை போறதெண்டு நினைச்சுக்கொண்டு வேலிக்குள்ளை போடுவன். போனன். வேலிக்குள்ளைதான் போனன்.

வெக்கத்தை விட்டிட்டுக் கேட்டன், "இஞ்சேரும், ஒருக்கா வெளியிலை வந்து நிண்டு சொல்லுமன்." ஏசுவா எண்டு நினைச்சன். என்ரை பழைய ஜக்கெற்றையும் போட்டு, தலையைச் சுத்திச் சால்வையையும் கட்டிக்கொண்டு வந்திட்டா. ஓரமா நடந்து நடந்து, "வரட்டும்... வரட்டும்... இடப்பக்கம் ஒடியுங்கோ... ஹோல்ட்! ஹோல்ட்டெண்டு சொன்னனெல்லே, காது கேக்காதோ!" ஐயோ, என்ன குரல்! டோறீன்ரை மாடெல்லாம் திரும்பிப் பாக்கும். ஆனால் அவ சொல்லச் சொல்ல, கோடு கீறின மாதிரி றோட்டு வந்துது. முடிச்சிட்டு ரெண்டுபேரும் படிக்கட்டிலை இருந்து சுடச்சுடத் தேத்தண்ணி குடிச்சம். அண்டைக்குச் சனிக்கிழமை, அவவைக் கொண்டுபோய் நேரத்துக்கு பாக்கியம் வீட்டிலை விட்டன். அதுக்கடுத்த சனியும் விட்டன். உமக்கு உண்மையைச் சொல்லுறன், கலியாணங்கட்டி இத்தினை வருசத்திலை நாங்கள் ரெண்டுபேரும் சேந்து செய்த வேலையெண்டால் அதுதான். எனக்குப் பெரிய புளுகு, சந்தோசம் தாங்கேல்லை. ஸ்நோ எப்ப கொட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.

அங்கைதான் அந்தத் தேங்காய் வந்தது. ஒருநாள் நல்லாப் போய்க்கொண்டிருக்கேக்கை 'டக்' எண்டு ஒரு சத்தம், புளோவர் சுத்தாமல் நிண்டிட்டுது. இறங்கிப் பாத்தால் ஒரு சிரட்டைத் துண்டு, கல்லா உறைஞ்சு வாய்க்குள்ளை இறுகிக் கிடக்கு. அந்தச் சுத்திற தண்டிலை ஒரு சின்ன போல்ட் இருக்கு, அது முறிஞ்சுபோச்சு. தவமலர் சிரட்டையைக் கையிலை எடுத்து எனக்கு முன்னாலை பிடிச்சா. அவ்வளவுதான். போல்ட்டை மாத்திக் கொஞ்சத் தூரம் போனால் அடுத்த சிரட்டை. பிறகும் டக். எனக்கு விசர் வந்திட்டுது. என்ன சாமான் விக்கிறான்கள், ஒரு தேங்காய்க்குத் தாங்காத போல்ட்? கராஜ் முழுக்கத் தேடி, ஒரு இரும்பு உருக்கு போல்ட் எடுத்துப் போட்டன். இனி மலை வந்தாலும் முறியாதெண்டு தவமலரிட்டைச் சொன்னன். "அது முறியத்தானே வைச்சிருக்கிறாங்களாம், புத்தகத்திலை போட்டிருக்கு" எண்டா. முறியிறதுக்கு ஆரும் போல்ட் செய்வானோ எண்டு கேட்டு நான் பகிடி பண்ணினன். நீர் ஏன் தலையிலை கை வைக்கிறீர்? உமக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது தம்பி.

மற்றச் சனிக்கிழமை. வெள்ளி முழுக்க ஊத்தினது, விடியத்தான் விட்டது. தவமலர் வெளிக்கிட்டிட்டா, அந்தப் பச்சைச் சீலை, அதுக்கு மேலை ஜக்கெற். கைப்பையைத் தோளிலை மாட்டிக்கொண்டே வந்து, "வரட்டும், வரட்டும்" எண்டு சொல்லிக்கொண்டு வந்தா. முக்கால்வாசித் தூரம் முடிச்சாச்சு. காத்து எதிர்ப்பக்கத்தாலை அடிக்கத் தொடங்கிச்சுது, ஸ்நோ எல்லாம் எனக்கு மேலைதான் கொட்டுது. சரி, எறியிற குழாயை மற்றப் பக்கம் திருப்புவமெண்டு திருப்பினன். மற்றப் பக்கத்திலை ஆர் நிண்டது?

"வரட்டும்" எண்ட சத்தம் நிண்டுபோச்சு. திரும்பிப் பாத்தால் வேலியோரம் ஒரு வெள்ளைத் தூண் நிக்குது, தூணிலை ஒரு கைப்பை தொங்குது. பாய்ஞ்சு இறங்கி ஓடினன். நல்லகாலம், கல்லுக் கில்லு ஒண்டும் படேல்லை, வெறும் ஸ்நோதான். கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, போட்டா. ஒரு வார்த்தை ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும்.

அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும்? "நோகுதோ? உள்ளுக்குப் போவம், உடுப்பு மாத்தும்" எண்டு சொல்லியிருக்க வேணும். நான் சொன்னன், "இன்னுங் கொஞ்சந்தான் கிடக்கு, முடிச்சிட்டு வாறன்." சொல்லிப்போட்டு ஏறிட்டன். கேற்றடியிலை, நகரசபை ட்ரக் வந்து றோட்டு ஸ்நோவைத் தள்ளி எங்கடை வாசலை மறிச்சுக் குவிச்சுவிட்டுப் போயிருக்கு. உள்ளுக்கை எல்லாம் ஐஸ் கட்டி, பாறாங்கல்லு மாதிரி. பழைய போல்ட்டெண்டால் அந்த இடத்திலை முறிஞ்சு நிண்டிருக்கும். என்ரை போல்ட் முறியேல்லை. நான் சொன்ன மாதிரியே முறியேல்லை. அதுக்குப் பதிலா கியர்பொக்ஸ் வெடிச்சுது. எண்ணெய் எல்லாம் வெள்ளைக்கு மேலை கறுப்பா ஓடிச்சுது.

தவமலர் நடந்து வந்தா, அந்த எண்ணெயைப் பாத்தா, என்னைக் கடந்து அந்தக் குவியலுக்கு மேலாலை சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஏறி, அங்காலை இறங்கி, டோறீனுக்குப் போன் பண்ணினா. ட்ரக் வந்துது. டோறீன் கதவைத் திறந்துவிட்டா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திற மாதிரிக் கையைப் பிடிச்சு ஏத்தினா. போய்ச் சேர நாலு மணியாம். அவவின்ரை கதிரையிலை ஆரோ மூண்டாம் மாடிக்காரியைப் பிடிச்சு இருத்தி விளையாடிக்கொண்டிருந்தவையாம். இவ பின்னாலை நிண்டு பாத்தாவாம், ஈரச் சீலையோடை. மகள்தான் எனக்குச் சொன்னவள். "அம்மா அழுதவ அப்பா" எண்டவள். செல்லடிக்குள்ளை அழாத மனிசி தம்பி.

அண்டைக்குப் போனவதான். சொன்ன சொல்லு சொன்னதுதான், மகள் வீட்டு பேஸ்மன்ற்.

நான் என்ன செய்தன்? கியர்பொக்ஸ் மாத்தினன். புத்தகத்தை முதல் பக்கத்திலையிருந்து படிச்சன். முறியிற போல்ட் ஒரு பெட்டி வாங்கி வைச்சன். பழைய லொறிக் கண்ணாடி ரெண்டு வாங்கிப் பூட்டித் தனிய றிவேர்ஸ் எடுக்கப் பழகினன். வேலியிலை மிச்சமிருந்ததும் போச்சு, ஆனால் பழகிட்டன். ஸ்நோ கொட்டினால் உடனை இறங்கிடுவன். கொட்டாட்டிலும் ஒருக்காக் கூட்டிவிடுவன். ஏனெண்டால், அவ திடீரெண்டு வாறதெண்டு யோசிச்சால், றோட்டு மூடிக்கிடக்கு எண்டு ஒரு சாட்டு இருக்கக்கூடாதெல்லே? பின்னேரத்திலை போன் எடுத்துச் சொல்லுவன், "றோட்டு கிளியர்." அவ "ம்" எண்டுவா. பேந்து பிரஷர் குளிசை போட்டீங்களோ எண்டு கேப்பா. வைச்சிடுவா. அடுத்தநாளும் எடுப்பன். "றோட்டு கிளியர்." "ம்."

மகள் கேட்டவள், "நீங்கள் ஒருக்கா வாங்கோவன் அப்பா" எண்டு. என்னண்டு வாறது? நான் வெளிக்கிட்ட நேரம் பாத்து ஸ்நோ கொட்டினால் இஞ்சை ஆர் அள்ளுறது? றோட்டு மூடிப்போகுமே! அவ வரேக்கை என்ன செய்யிறது? இப்பிடித்தான் அவளுக்குச் சொன்னன், பெரிய நியாயவாதி மாதிரி. அவள் போனை வைச்சிட்டாள்.

விளம்பரம் போட்டது, தம்பி, கோவிக்காதையும், விக்கிறதுக்கில்லை. அவவை வெருட்டத்தான். நீர் காலமை போனை வைச்ச உடனை அவவுக்கு எடுத்தன். "ஒராள் வாறார், புளோவரை விக்கப்போறன். வித்தால் றோட்டு மூடிப்போம், பேந்து நீர் நினைச்சாலும் வரேலாது" எண்டன். கடுதாசி கையிலை இருக்கிற நேரத்து முகத்தோடைதான் நிண்டிருப்பா. பிறகு கேட்டா.

"இப்ப றோட்டு கிளியரோ?"

"கிளியர்" எண்டன். "பஸ்ஸே வரலாம்."

"எத்தினை நாளா உதையே சொல்லுறியள். கிளியரெண்டால் நீங்கள் வாங்கோவன்."

வைச்சிட்டா.

நான் போனையும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். தம்பி, பருத்தித்துறையிலையிருந்து யாழ்ப்பாணம் போன பஸ்ஸை ஒவ்வொருநாளும் திருப்பிக் கொண்டந்து விட்டவன் நான். எனக்குத் தெரியேல்லை. மகள் வாயாலை சொல்லியும் விளங்கேல்லை. இவ்வளவு நாளும் இந்த றோட்டை அவ வாறதுக்குத்தான் வெட்டிக்கொண்டிருந்தன், அதாலை நானும் போகலாமெண்டு என்ரை மண்டையிலை ஏறவேயில்லை. மனிசன் இவ்வளவு மொக்கனா இருப்பானோ?

நீர் வரேக்கை கண்டிருப்பீர், நான் வீட்டுக்குள்ளை கோட்டோடை நிண்டதை. உமக்காகப் போடேல்லை. அப்பவே வெளிக்கிட்டிருக்க வேணும். பயமாக் கிடந்தது. அங்கை போய்க் கதவைத் தட்டி என்ன சொல்லுறது? றோட்டு கிளியர் எண்டு சொல்லேலாதே. அதாலைதான் உம்மைப் பிடிச்சு இருத்தித் தேத்தண்ணியும் தந்து அலட்டிக்கொண்டிருக்கிறன். அவவோடை திரும்பி வாறனோ, நானும் அந்த பேஸ்மன்ற்றிலை ஒரு மூலையிலை கிடக்கிறனோ, ஒண்டும் தெரியாது. நோகுதோ எண்டு அண்டைக்குக் கேட்டிருக்க வேணும், அதைத்தான் முதல்லை கேக்கப்போறன். பிந்தித்தான் போச்சு, எண்டாலும் கேக்கிறன்.

எத்தினை மணி இப்ப? ஐயோ, இண்டைக்குச் சனிக்கிழமை, ரெண்டு மணிக்கு மேசையிலை இருந்திட்டாவெண்டால் பொழுதுபடுமட்டும் நிமிந்தும் பாக்கமாட்டா. எழும்பும் தம்பி, எழும்பும், தேத்தண்ணியை வைச்சிட்டு வாரும். உம்மடை வான் என்ரை காரை மறிச்சுக்கொண்டு நிக்குது.